மீன் கனவில் வந்து சொன்ன சட்டம்: தாவோ மக்களின் கதைக்குப் பின்னால் அறிவியல் இருக்கிறதா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. தைவானுக்குத் தென்கிழக்கே லான்யூ தீவில் வாழும் தாவோ மக்களிடம் ஒரு கதை இருக்கிறது. பறக்கும் மீன் ஒன்று பெரியவர் ஒருவரின் கனவில் வந்து, தன் இனத்தை எப்போது பிடிக்கலாம், எப்படிச் சமைக்கலாம் என்று சொல்லிக்கொடுத்ததாம். இது மீன்வளம் அழியாமல் இருக்க முன்னோர்கள் யோசித்துக் கட்டிய கதைதானே, பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிவிடலாமா என்கிறீர்கள். பழங்கதையில் ஒரு விலக்கு வந்தால் அதற்குள் ஓர் அறிவியல் காரணம் ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. என் பதில்: பாதி சரி. ஆனால் அந்தப் பாதி நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை.

தைவானிலிருந்து பிலிப்பைன்ஸ், பசிபிக் தீவுகள் வரை பரவியிருக்கும் ஆஸ்திரனேசிய மொழிக் குடும்பத்து மக்களின் வாய்மொழி மரபுகளைப் பல வருடங்களாகப் படித்தும் பாடம் நடத்தியும் வருகிறேன். தாவோ மொழிக்குள் வளர்ந்தவன் அல்ல நான். பதிவான கதைகள், மொழிபெயர்ப்புகள், இனவரைவியல் குறிப்புகள் வழியாகவே இது எனக்குத் தெரியும். நான் சொல்வதை அந்தத் தீவின் பெரியவர் யாராவது மறுத்தால், அவர் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். சுமார் 45 சதுர கிலோமீட்டர் எரிமலைத் தீவு, கரையோரமாக ஆறு ஊர்கள், மக்கள்தொகைப் பதிவில் ஏறக்குறைய 5,000 பேர். ஆட்சி தைவானுடையது. ஆனாலும் தாவோ மொழிக்கு நெருங்கிய சொந்தம் தைவானின் பிற பழங்குடி மொழிகள் இல்லை. தெற்கே பாஷி நீரிணையைத் தாண்டி, பிலிப்பைன்ஸின் படானஸ் தீவுகளில் பேசப்படும் இவாதான் மொழிதான் அதற்கு நெருக்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். தீவைத் தொட்டபடி குரோஷியோ என்ற வெதுவெதுப்பான நீரோட்டம் வடக்கே ஓடுகிறது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் அதோடு சேர்ந்து பறக்கும் மீன் கூட்டங்கள் வருகின்றன. நாகப்பட்டினம் பக்கத்து மீனவர்கள் கோலா என்று சொல்கிறார்களே, அதே குடும்பம்தான்.

இனி கதை. ஊருக்கு ஊர் விவரங்கள் மாறும், எலும்புக்கூடு மட்டும் ஒன்று. ஆதிக் காலத்தில் மக்கள் கரையில் சிப்பி, நண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பறக்கும் மீன் கிடைத்தது. அதையும் சிப்பி, நண்டோடு ஒரே பானையில் போட்டு வேகவைத்துத் தின்றார்கள். உடம்பெல்லாம் கொப்புளம், சொறி. அந்தப் பக்கம் கடலுக்குள் மீன்களுக்கும் நோய் கண்டது. மீன்களின் தலைவனான கறுப்புச் சிறகு மீன் (மவாயெங் சோ பனிட் என்பது அதன் பெயர்) ஊர்ப் பெரியவரின் கனவில் வந்து, கரையில் இன்ன இடத்துக்கு வா என்று அழைத்தது. அவர் போனார். மீன் தன் கூட்டத்தில் எத்தனை வகை உண்டு, எது எப்போது வரும், எதைத் தீப்பந்தம் பிடித்து இரவில் பிடிக்கலாம், எது தூண்டில் இரைக்கு ஆகும், எங்களை எப்படி வரவேற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னது. எங்களைச் சிப்பியோடும் மற்ற மீனோடும் ஒரே பாத்திரத்தில் சேர்க்காதே என்பது அதில் முக்கியமான கட்டளை. அவர் ஊருக்குத் திரும்பி எல்லோருக்கும் சொன்னார்.

இந்தக் கதை ஏட்டில் தூங்கும் கதையாக இருந்ததில்லை என்பது உறுதி. தாவோ ஆண்டு மூன்று பருவமாகப் பிரிகிறது. ராயோன் பறக்கும் மீன் வரும் காலம். தெய்தெய்கா அந்த மீன்பிடிப்பு ஓய்ந்த காலம். அமியான் குளிர்காலம். ராயோன் தொடங்கும்போது ஆண்கள் கோவணமும் வெள்ளித் தலைக்கவசமும் அணிந்து, பெரிய படகுகள் நிற்கும் கரைக்கு வந்து மீனை அழைக்கும் சடங்கைச் செய்கிறார்கள். சேவலையோ பன்றிக்குட்டியையோ அறுத்து, அதன் இரத்தத்தில் விரலைத் தொட்டுக் கரையிலுள்ள கூழாங்கற்களில் வைக்கிறார்கள். கடலைப் பார்த்துக் கையாட்டி மீனை வா வா என்று கூப்பிடுகிறார்கள். பெண்கள் அந்த இடத்துக்கு வருவதில்லை. ஆரம்ப நாட்களில் பெரிய படகில் பலர் சேர்ந்து இரவு மீன்பிடிப்பு, பங்கும் பொதுவில். பிறகு ஒருவர், இருவர் ஏறும் தாதாலா என்ற சிறு படகில் தனித்தனியாகப் போகலாம். அப்போது பறக்கும் மீனையே இரையாகக் கோத்து அராயோ பிடிப்பார்கள். ஓட்டல் பட்டியல்களில் மாஹி மாஹி என்று வருமே, அந்தப் பெரிய மீன்தான். பறக்கும் மீனைத் துரத்திக்கொண்டே வருவது அது. பிடித்த மீனைக் கீறி, உப்பிட்டு, வரிசையாகத் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள். வீட்டில் இந்த மீனுக்கென்று தனிப் பானை, தனி மரத்தட்டு. இலையுதிர் காலத்தில் ஒரு முடிவுச் சடங்கு உண்டு. அதற்கு அப்புறம் மிச்சமிருக்கும் கருவாட்டை யாரும் தின்பதில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். மீன்வளத்தைக் காப்பதுதான் நோக்கம் என்று சொல்பவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது இரண்டு. ராயோன் காலத்தில் பவளப்பாறை மீன்களைப் பிடிக்கக் கூடாது, வலசை வரும் மீனை மட்டும்தான் பிடிக்கலாம் என்பது ஒன்று. பாறை மீன்களுக்கு ஆண்டுதோறும் சில மாதம் ஓய்வு கிடைக்கிறது, இதில் சந்தேகமே வேண்டாம். முடிவுச் சடங்குக்குப் பிறகு கருவாடு கூடாது என்பது இன்னொன்று. தின்று தீராத அளவுக்குப் பிடித்துக் குவிப்பதில் அர்த்தமில்லாமல் போகிறது. இரண்டும் கடலுக்கு நல்லதுதான். ஆனால் நல்ல விளைவு ஒன்று இருக்கிறது என்பதற்கும், அந்த விளைவுக்காகத்தான் விதி பிறந்தது என்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைத் தாண்ட நம்மிடம் ஆதாரம் கிடையாது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கதையில் பேசுவது எந்த மீன்? பறக்கும் மீன். அது தெற்கேயிருந்து நீரோட்டத்தோடு வந்து வடக்கே போய்விடும் மீன். துடுப்புப் படகும் கைவலையும் தீப்பந்தமும் வைத்துக்கொண்டு ஒரு சிறு தீவு பிடிக்கும் அளவு அந்தப் பெருங்கூட்டத்தைக் குறைத்துவிடும் என்று எடுத்துக்கொள்வது கஷ்டம். பாதுகாப்பு தேவைப்படுவது கரையோரப் பாறை மீனுக்கு. கதையோ அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. தன்னை எதோடு சேர்க்கக் கூடாது என்றுதான் கறுப்புச் சிறகு மீன் சொல்கிறது, எத்தனை பிடிக்கலாம் என்று எண்ணிக்கை சொல்லவில்லை. தனிப் பானை வைத்தால் கடலில் ஒரு மீன்கூடக் கூடப்போவதில்லை. கெட்டுப்போகாத கருவாட்டை ஒரு தேதிக்கு மேல் ஒதுக்கிவிடுவதைச் சிக்கனம் என்று சொல்லவும் முடியாது.

அப்படியானால் கதை எதைப் பற்றிப் பேசுகிறது? இதே மக்களின் தோற்றக் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிறது. பரவலாகச் சொல்லப்படும் வடிவத்தில், ஆதி மனிதர் இருவர். ஒருவர் பாறை பிளந்து வந்தவர், மற்றவர் மூங்கில் வெடித்து வந்தவர். இருவருடைய முழங்கால்களிலிருந்தும் பிள்ளைகள் பிறந்தார்கள், ஒரு முழங்காலில் ஆண், மறு முழங்காலில் பெண். பாறைக்காரரின் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே கூடி வாழ்ந்தார்கள், மூங்கில்காரரின் பிள்ளைகளும் அப்படியே. பிறந்த குழந்தைகள் பார்வையில்லாமலும் குறையோடும் பிறந்தன. பிறகு பாறை வீட்டுப் பெண் மூங்கில் வீட்டுக்கும், மூங்கில் வீட்டுப் பெண் பாறை வீட்டுக்கும் போனார்கள். குழந்தைகள் நலமாகப் பிறந்தன. மூங்கிலிலிருந்து மனிதன் பிறப்பது பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் பல இடங்களில் சொல்லப்படுவதுதான். என் கண்ணில் படுவது கதையின் அமைப்பு. சேரக் கூடாதது சேர்கிறது, உடம்பில் கோளாறு வருகிறது, பிரித்து வைத்தபின் சரியாகிறது. மீன் கதையும் இதே அச்சுதான். அங்கே ஒரே இரத்தம், இங்கே ஒரே பானை.

பிரித்து வைப்பது தாவோ வாழ்க்கையில் எங்கும் தென்படுகிறது. மீன்களையே எல்லோரும் தின்னத்தக்க நல்ல மீன், ஆண்கள் மட்டும் தின்னும் மீன், முதியவர்களுக்கு மட்டுமான மீன் என்று வகை பிரிக்கிறார்கள். ஓயோட் எனப்படும் நல்ல மீன்தான் பெண்களுக்கு, அதிலும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உரியது. நல்ல மீன் கொண்டுவரத் தெரியாத கணவனுக்கு ஊரில் மதிப்பில்லை. இந்த வகைப்பாட்டால் ஒரே மீனை எல்லோரும் விழுந்து பிடிக்காமல் பிடிப்பு பல இனங்களுக்குப் பரவுகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குவதுண்டு, அது ஏற்கத்தக்க விளக்கம்தான். ஆனால் அந்த வகைப்பாடு ஒரு பெண்ணுக்கு அன்றாடம் உணர்த்துவது வேறு: இந்த வீட்டில் உனக்கென்று தனியாக மீன் தேடப்படுகிறது என்பது. இறந்தவர்களின் ஆவியை அனிதோ என்கிறார்கள், அதற்கு மிகவும் அஞ்சுகிறார்கள். சாவு நடந்தால் சீக்கிரமே அடக்கம், இடுகாட்டுப் பக்கம் காரணமில்லாமல் யாரும் போவதில்லை. உயிரோடிருப்பவர் ஒரு பக்கம், இறந்தவர் இன்னொரு பக்கம். மீன் பருவத்தின் விலக்குகளும் இந்தப் பெரிய ஒழுங்கின் ஒரு துண்டு என்பது என் வாசிப்பு. இது விளக்கமே, நிரூபணம் கிடையாது. வேறொருவர் வேறு மாதிரி படிக்கலாம். கடல் பிழைத்தது அந்த ஒழுங்கின் பக்க விளைவாக இருக்கலாம். அதனால் அதன் அருமை குறைந்துபோகாது.

கதை எவ்வளவு பழையது என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கதைக்கு வயது சொல்ல வழியில்லை. சடங்குக்கு ஓரளவு சொல்லலாம். படானஸ் தீவுகளில் மாதாவ் எனப்படும் இவாதான் மீனவர்கள் இன்றும் வசந்த காலத்தில் பறக்கும் மீனை இரையாக வைத்து அதே அராயோவைப் பிடிக்கிறார்கள். பருவம் தொடங்கும்போது தங்கள் துறையில் விலங்கு பலியிட்டு ஒரு திறப்புச் சடங்கு நடத்துகிறார்கள். அதன் பெயர் மாய்வனுவனுவா. லான்யூவில் மீன் அழைக்கும் சடங்கின் பெயர் மிவன்வா. இவாதான் மக்கள் நூறு வருடத்துக்கு மேல் ஸ்பானிய ஆட்சியில் இருந்து கத்தோலிக்கர் ஆனவர்கள். லான்யூவை 1895 முதல் 1945 வரை ஜப்பான் ஆண்டது, வெளியார் நுழைவதையும் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. பிரிந்து இவ்வளவு காலம் ஆன பின்னும் மீன், இரை, பருவம், பலி, பெயர் எல்லாம் ஒத்துப்போவது தற்செயலாக இருக்காது. இரு தீவுகளுக்கும் இடையே முன்பு படகுப் போக்குவரத்தும் வியாபாரமும் இருந்து, ஒரு சண்டையோடு நின்றுபோனதாக லான்யூவின் வாய்மொழிக் கதைகளும் சொல்கின்றன. ஆக, சடங்கின் வேர் அந்தப் பிரிவுக்கு முந்தையது அல்லது போக்குவரத்துக் காலத்தது. இரண்டில் எது என்று தீர்மானிக்கச் சடங்கு மட்டும் போதாது.

பதிவுகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. தோரீ ரியூஸோ என்ற ஜப்பானிய மானுடவியலாளர் 1897ல் தீவுக்குப் போனார். தாவோ மக்களுக்கு யாமி என்ற பெயர் வெளியுலகில் நிலைத்தது அவரால்தான். மக்கள் இப்போது விரும்புவது தாவோ. 1930களில் மொழியியலாளர்கள் கதைகளைத் தாவோ மொழியிலேயே எழுதிக்கொண்டு, கூடவே ஜப்பானிய மொழிபெயர்ப்பும் தந்தார்கள். நல்ல வேலை அது. அதற்குப் பிறகு சீனத்தில், ஆங்கிலத்தில், சிறுவர் படக்கதைகளில் என்று கதை கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு கையிலும் சொறியும் கொப்புளமும் கொஞ்சம் குறைந்தன, "இயற்கையைப் போற்று" என்ற குரல் கொஞ்சம் கூடியது. நீங்கள் படித்தது அப்படி வந்த வடிவமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தாவோ ஆசிரியர்களே இன்று பள்ளிகளில் சூழலியல் நோக்கில் இந்தக் கதையைச் சொல்கிறார்கள், அது அவர்கள் உரிமை. வெளியாளான நாம் அந்தப் பொருளை முன்னோர் வாயில் திணிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பழைய ஒழுங்கு எப்படிப் புது இடத்தில் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு, பெரியவர்களுக்கு நீங்கள் கதை சொல்வதாக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். 1982 முதல் தைவானின் அணுமின் நிலையங்களின் குறைந்த கதிரியக்கக் கழிவு லான்யூவின் தென்முனையில் கொண்டுவந்து வைக்கப்பட்டது. 1996ல் வரத்து நிற்பதற்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் பீப்பாய்கள் சேர்ந்துவிட்டன. கட்டும்போது மீன் பதப்படுத்தும் ஆலை வருகிறது என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாக மக்கள் சொல்கிறார்கள். 1988 பிப்ரவரி 20 அன்று அவர்கள் நடத்திய போராட்டத்துக்கு அனிதோவை விரட்டுவது என்றே பெயர் வைத்தார்கள். பேய் ஓட்டும்போது அணியும் பிரம்புக் கவசமும் ஈட்டியுமாகப் பெரியவர்கள் வந்து நின்றார்கள். கதிரியக்கத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது என்று இதற்கு அர்த்தமில்லை, போராட்டத்தை முன்னெடுத்தவர்களில் படித்த இளைஞர்கள் இருந்தார்கள். வரக்கூடாத பொருள் ஒன்று உயிருள்ளவர் வாழும் இடத்துக்குள் வந்துவிட்டது, அதை அதன் இடத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்ல அவர்களிடம் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது, அதை எடுத்தார்கள். 2016 ஆகஸ்ட் 1 அன்று தைவான் அதிபர் சாய் இங்-வென் பழங்குடி மக்களிடம் அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டபோது, லான்யூவின் இந்தக் கழிவுக் கிடங்கையும் குறிப்பிட்டார். 2019ல் 255 கோடி தைவான் டாலர் இழப்பீடும் அறிவிக்கப்பட்டது. பீப்பாய்களை எடுத்துக்கொண்டு போங்கள், எங்களுக்கு வேண்டியது அதுதான் என்று தீவில் பலர் சொன்னார்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்வது பற்றி: தாராளமாகச் சொல்லுங்கள். சொறி வந்த பகுதியை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்வதே அதைத்தான், கதையின் ஆணியும் அங்கேதான் இருக்கிறது. மனிதருக்கு மட்டுமல்ல, மீன்களுக்கும் நோய் வந்தது என்பதையும் சொல்லுங்கள், பல சுருக்கங்களில் அது காணாமல் போயிருக்கிறது. அது போய்விட்டால் மீன் ஏதோ நம்மேல் இரக்கப்பட்டு உபதேசம் செய்ய வந்ததுபோல ஆகிவிடும். தன் கூட்டமும் சாகிறதே என்றுதான் அது பேச்சுவார்த்தைக்கே வந்தது. "மீன்கள் குறையாமல் இருக்க இந்தக் கதையைக் கட்டினார்கள்" என்ற கடைசி வரியை மட்டும் வெட்டிவிடுங்கள். வேண்டுமானால் கதை முடிந்ததும், மீன் ஏன் தனிப் பானை கேட்டது என்று கேட்டுவிட்டு விடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் இதற்குச் சொல்லும் பதில்கள் பெரியவர்களுடையதைவிடப் பல நேரம் நன்றாக இருக்கும். கதை நடந்த இடத்தை வரைபடத்தில் காட்டும்போது தைவானோடு நிறுத்தாமல் படானஸையும் காட்டுங்கள். மேலும் தேடிப் படிப்பதானால் தாவோ, யாமி என்ற இரண்டு பெயரிலும் தேட வேண்டியிருக்கும், பழைய பதிவுகள் பெரும்பாலும் இரண்டாவது பெயரில்தான் இருக்கின்றன.